கணக்கைக் கொடுப்பதும் உடந்தைதான்

அன்புள்ள கதிருக்கு,

நேற்று போனில் "வேண்டாம்டா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன். உன் ரூம்மேட் கேட்பது மூன்று பொருள்: பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கணக்கோடு இணைத்த சிம். மாதம் ஐயாயிரம் தருவானாம், நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாமாம். ஏமாற்றிப் பறித்த பணத்தை உன் கணக்கு வழியாகக் கடத்த அந்த மூன்றையும் கொடுப்பதுதான்டா வேலையே.

இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 45-ஆவது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யில் 107) தூண்டுவது, சதியில் சேர்வது, வேண்டுமென்றே உதவுவது மூன்றையும் உடந்தை என்கிறது. குற்றம் நடப்பதற்கு முன்போ, நடக்கும்போதோ அதைச் சுலபமாக்கிக் கொடுத்தால் அது உதவி. அந்த உதவியால் குற்றம் நடந்துவிட்டால், சட்டத்தில் தனியாகத் தண்டனை சொல்லாதவரை, செய்தவனுக்கு உள்ள அதே தண்டனைதான் உடந்தைக்கும் என்கிறது 49-ஆவது பிரிவு. ஏமாற்றிப் பணம் பறிப்பதற்கு 318(4)-இல் ஏழு ஆண்டு வரை. அமைப்பாக இயங்கும் கும்பலின் குற்றம் என்று 111-ஆவது பிரிவில் வழக்குப் போட்டால், தெரிந்தே வசதி செய்து கொடுத்தவனுக்கும் ஐந்து ஆண்டுக்குக் குறையாது.

பணம் எப்படி ஓடுகிறது என்று பார். யாரோ ஒரு பெரியவரை மிரட்டிப் பறித்த ஐந்து லட்சம் உன் கணக்கில் விழும். சில நிமிடங்களில் ஐம்பதாயிரமாகப் பிரிந்து பத்துக் கணக்குகளுக்குப் போகும். அங்கிருந்து ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும். ஓடிபி உன் சிம்முக்குத்தான் வரும், அதற்காகத்தான் சிம்மையும் கேட்கிறான். அந்தப் பெரியவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்ததும் போலீஸ் கையில் முதலில் கிடைப்பது உன் ஆதார், உன் பான், உன் போட்டோ. மிரட்டியவன் பெயர் அதில் எங்குமே இருக்காது. எஃப்.ஐ.ஆர். அந்தப் பெரியவரின் ஊரில் பதிவாகும் என்பதால், நீ பார்த்தே இராத மாநிலத்திலிருந்து நோட்டீஸ் வரலாம். உன் சம்பளமும் அதே கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

உண்மையாகவே ஒன்றும் தெரியாதவன் உடந்தை ஆகமாட்டான். தெரிந்தே உதவினாய் என்று நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ஆனால் சொந்தக் கணக்கு வைத்திருப்பவன் உன் கணக்கை ஏன் வாடகைக்குக் கேட்டான், சும்மா ஐயாயிரம் எதற்கு வாங்கினாய் என்று கோர்ட் கேட்கும். நேற்று உனக்கே சந்தேகம் வந்துதான் என்னைக் கேட்டாய். அந்தச் சந்தேகத்துக்குப் பிறகு கொடுத்தால் என்ன பதில் சொல்வாய்?

ஏற்கெனவே கொடுத்துவிட்டாய் என்றால் ஒளிக்காதே. இன்றே கார்டைப் பிளாக் செய். கணக்கிலிருந்து பணம் வெளியே போவதை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கு. பிறகு வக்கீலோடு போய் சைபர் கிரைமில் நீயே புகார் கொடு. "தவறி வந்துவிட்டது, இந்த நம்பருக்குத் திருப்பிப் போடு" என்று யார் சொன்னாலும் போடாதே. நீயே உன் கையால் அனுப்பியதாகிவிடும். வாட்ஸ்அப் சாட்டை அழிக்காதே. தண்டனையிலிருந்து யாரையாவது காப்பாற்ற ஆதாரத்தை அழித்தால் 238-ஆவது பிரிவில் அது தனிக் குற்றம்.

அவன் போலீஸுக்குப் பயந்து இரண்டு நாள் தங்க இடம் கேட்டாலும், தெரிந்தே ஒளித்து வைக்காதே. அது 249-ஆவது பிரிவில் குற்றம். அதில் கணவன் மனைவிக்கு மட்டும்தான் விலக்கு உண்டு. நண்பனுக்கு இல்லை, நாளை உன்னை நான் ஒளித்து வைத்தால் எனக்கும் இல்லை.

கார்டு இப்போது யார் கையில் இருக்கிறது என்று இன்று இரவே போன் செய்து சொல்.

அப்பா