சாய்தளம் அமையக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சென்னையிலுள்ள எங்கள் பள்ளியில், உடல் ஊனம் குறித்து எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குச் சென்ற மாதம் மூன்று நாட்கள் நடந்த வகுப்புகளுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வகுப்பாசிரியை என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, மூன்று நாட்களும் சக்கர நாற்காலியில் வந்து பிள்ளைகளோடு இருந்த அம்மையாருக்கு உரியது. மாணவர்களை ஆளுக்குச் சிறிது நேரம் சக்கர நாற்காலியில் அமர்த்திப் பார்க்கலாம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அதில் அவர்களுக்குப் பயமும் பரிதாபமும்தான் மிஞ்சும் என்றும், தெரிய வேண்டியதைத் தம்மிடமே கேட்கட்டும் என்றும் அவர் கூறிவிட்டார். எப்படிக் குளிப்பீர்கள் என்பதுவரை பிள்ளைகள் கேட்டார்கள். அவர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அனுமதி கேளாமல் நாற்காலியைத் தொட்டுத் தள்ளுவதும், அவர் எதிரில் இருக்கும்போதே உடன் வந்தவரிடம் அவர் பெயரை விசாரிப்பதும் எவ்வளவு வருத்தும் என்பதை அவர் வாயாலேயே கேட்டதால், அது பிள்ளைகள் மனத்தில் ஆழப் பதிந்தது.

அடுத்து, கணித ஆசிரியருக்கு. ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும் என்ற விதியை அவர் கரும்பலகையில் எழுதியதும், மாணவர்கள் அளவு நாடாவோடு பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். வாசல் உயரம் 45 சென்டிமீட்டர். 540 இருக்க வேண்டிய சாய்தளத்தின் நீளமோ 200தான். அதில் அம்மையாரை இருவர் பிடித்து ஏற்றியதை நாங்கள் முந்தைய நாள் உதவி என்று நினைத்திருந்தோம். அந்தச் சாய்தளத்தை இடித்து, இடம் போதாததால் சுவரோரமாகத் திருப்பி, கைப்பிடியோடு கட்டித் தந்த கொத்தனார் தம் கூலியில் பாதியை வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

பள்ளிகளில் இத்தகைய விழிப்புணர்வு அளிக்கப்பட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே கூறுவதைச் சுட்டிக்காட்டி, தயங்கிய பெற்றோரிடம் பேசிய தலைமையாசிரியைக்கும், சக்கர நாற்காலியில் கடலருகே செல்வதற்காக மெரினா கடற்கரையில் 2022இல் திறக்கப்பட்ட மரப்பாதைக்கு எங்களை அழைத்துச் சென்ற தாழ்தளப் பேருந்தின் நடத்துநருக்கும் நன்றி. அவர் சாய்பலகையை இறக்கி, அம்மையார் ஏறி அமரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

கழிவறைக் கதவு 70 சென்டிமீட்டர் அகலமே உள்ளதாக மாணவர்கள் இப்போது அளந்து வந்திருக்கிறார்கள், 90 வேண்டும். அதை மாற்றித் தர முன்வந்துள்ள தச்சருக்கும் இம்மடலிலேயே நன்றி தெரிவிக்கிறேன்.

இங்ஙனம்,
எட்டாம் வகுப்பு ஆசிரியை,
சென்னை.