துப்புக் கொடுத்தவரின் எஸ்டேட் பெயரைப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூலிப்படைக் கொலை வழக்குகளில் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) கைதானதும் நாளிதழ்களில் "கொலையாளிகள் சிக்கியது எப்படி?" என்று ஒரு பெட்டிச் செய்தி வருகிறது. துப்புக் கொடுத்தவரின் பெயரை அதில் போடுவதில்லை. ஆனால் எஸ்டேட் பெயர் இருக்கிறது, அவர் ஜீப் ஓட்டுகிறவர் என்பது இருக்கிறது, "இறந்தவருக்குத் தூரத்து உறவு" என்ற வரியும் இருக்கிறது. சென்னையில் இந்த மூன்றையும் வைத்து ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. நீலகிரியில் முடியும். இருபது வீடு உள்ள லைனில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர்தான் இருப்பார். காலையில் பேப்பர் வந்தால், மதிய இலை எடை போடுவதற்குள் ஆள் யார் என்று பேசி முடித்துவிடுவார்கள். இந்த மாவட்ட நீதிமன்றங்களில் குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுவது அதற்காகத்தான். 2017 ஏப்ரலில் நடந்த கோடநாடு காவலாளி கொலை வழக்கு நிலுவையில் இருப்பதால் அதற்குள் நாங்கள் போகவில்லை.

துப்புக் கொடுப்பவர் வேறு, சாட்சி வேறு, மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புக்குச் சாட்சி சொல்லும் எதிரியான அப்ரூவர் வேறு. செய்திகளில் மூவரும் "காட்டிக்கொடுத்தவர்" ஆகிவிடுகிறார்கள். சட்டம் மூவரையும் மூன்று விதமாக நடத்துகிறது.

துப்புக் கொடுப்பவர் கூண்டில் ஏறவே வேண்டியதில்லை. குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியை எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 131-வது பிரிவு. குறுக்கு விசாரணையில் நாங்களே கேட்டாலும் ஆய்வாளர் வாய் திறக்காமல் இருக்கலாம். பிறகு பெயர் எப்படி வெளியே வருகிறது? பெரும்பாலும் மகஜர் வழியாக, அதாவது சம்பவ இடத்தில் சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் பதிவு வழியாக. பள்ளத்திலிருந்து உடலை எடுக்கும்போது மகஜரில் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும். மழை, வழுக்குகிற சரிவு, இருட்டிக்கொண்டு வருகிறது, வி.ஏ.ஓ. வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இடம் காட்டிய ஆள் பக்கத்திலேயே நிற்கிறார், அவரிடமே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து அவர் அரசுத் தரப்புச் சாட்சி. குற்றப்பத்திரிகை நகல் எல்லா எதிரிகளுக்கும் இலவசமாகப் போகும். அதில் அவர் பெயர், தகப்பனார் பெயர், லைன் வீட்டு எண் எல்லாம் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும், அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறியிருக்காது.

அப்ரூவர் என்பவர் எதிரிகளில் ஒருவர். கொலையில் அவருக்கும் பங்கு உண்டு. புலனாய்வுக் கட்டத்திலேயே தலைமைக் குற்றவியல் நடுவர் அவருக்கு நிபந்தனையோடு மன்னிப்பு வழங்கலாம். வழக்கு செஷன்ஸுக்குப் போன பிறகு அந்த நீதிமன்றம் வழங்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 306, 307-வது பிரிவுகள், இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 343, 344. தனக்குத் தெரிந்த அனைத்தையும், சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரைப் பற்றியும், மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே நிபந்தனை. மன்னிப்புக் கொடுப்பதற்கான காரணத்தை நடுவர் எழுதியாக வேண்டும். பொய் சொன்னார், முக்கியமானதை மறைத்தார் என்று அரசு வழக்கறிஞர் சான்று கொடுத்தால், 345-வது பிரிவின்படி அதே கொலைக்காக அவர் தனியாக விசாரிக்கப்படுவார். மன்னிப்பை நம்பி அவர் கொடுத்த வாக்குமூலமே அப்போது அவருக்கு எதிரான சான்றாகும்.

"அப்ரூவர் ஆகி வெளியே வந்துவிட்டார்" என்று எழுதுவது பெரும்பாலும் தவறு. ஏற்கெனவே ஜாமீனில் இல்லாதவர் என்றால் விசாரணை முடியும்வரை சிறையில்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆபத்தே அங்கேதான். அவர் யாரைப் பற்றிச் சொன்னாரோ அவர்களும் அதே சிறையில் இருப்பார்கள். வேறு சிறைக்கு மாற்றக் கோரும் மனுவை மன்னிப்பு உத்தரவு வந்த அன்றே போட வேண்டும். அடுத்த வாய்தாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், இடையில் வருகிற நேர்காணல் நாளில் ஊரிலிருந்து யாரோ பார்க்க வருவார்கள், அதன் பிறகு அப்ரூவர் பிறழ் சாட்சி ஆகிவிடுவார்.

அப்ரூவர் சொன்னால் தண்டனை உறுதி என்பதும் தவறான எண்ணம். 1957-ல் சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு சோதனைகளை வகுத்தது. ஆள் நம்பத்தக்கவரா என்பது முதலில். அதில் தேறினால், அவர் சொன்னதற்கு வேறு ஆதாரம் போதுமான அளவு இருக்கிறதா என்பது அடுத்து. உடந்தையாளர் சாட்சியம் தனியாக நின்றாலும் தண்டனை சட்டவிரோதமாகாது என்று பழைய சட்டத்தில் இருந்த வாசகத்தைப் புதிய சட்டம் 138-வது பிரிவில் மாற்றி, வேறு ஆதாரத்தால் உறுதிப்பட்ட சாட்சியம் என்றே சொல்கிறது. எல்லா அப்ரூவர்களுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. "நான் வண்டி மட்டும்தான் ஓட்டினேன், வெட்டியது அவர்கள்" என்பார்கள். தன் பங்கைச் சுருக்கிச் சொல்கிற அந்த இடத்திலிருந்துதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆரம்பிப்பார். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-வது பிரிவின்படி நடுவரிடம் வாக்குமூலம் கொடுக்கும்போதே தன் கை என்ன செய்தது என்பதை முழுதாகச் சொன்ன அப்ரூவரைத்தான் உடைப்பது கடினம்.

மலையில் இந்த வேறு ஆதாரத்தைச் சேர்ப்பதில் சில தனிச் சிக்கல்கள் உண்டு, சமவெளியிலிருந்து வரும் தனிப்படைகள் இவற்றில்தான் தவறுகின்றன. செல்போன் டவர் முதலாவது. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நிற்கிற போன் எதிர்ச்சரிவில் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள டவரைப் பிடிக்கும். நாடுகாணி, தாளூர், பாட்டவயல் பக்கம் கேரள டவரையும், கக்கநல்லா பக்கம் கர்நாடக டவரையும் பிடிக்கும். தமிழ்நாட்டுப் பதிவுகளை மட்டும் வாங்கிவிட்டு "அந்த நேரத்தில் போன் அணைந்திருந்தது" என்று எழுதினால் அப்ரூவர் சொன்ன பயணமே பொய்யாகத் தெரியும். அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரிலிருந்து விதி. தங்கும் விடுதி, பெட்ரோல் பங்க் சிசிடிவி அப்படியல்ல, சில வாரங்களில் பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். ஆகவே முதல் நாளே ஹார்டு டிஸ்க்கைக் கைப்பற்ற வேண்டும். மின்னணுப் பதிவுகளுக்கான சாட்சியச் சட்டம் 63-வது பிரிவின் சான்றிதழில் இரண்டு பகுதியும், ஹாஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு), நிரப்பப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் நிபுணரின் கையெழுத்து இல்லாத சான்றிதழை எதிர்த்தரப்பு லேசில் விடாது. 2024 மே 7 முதல் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் இருப்பதால், டி.என். 43 (நீலகிரிப் பதிவு எண்) அல்லாத வண்டி மேலே வந்த நாளைச் சரிபார்க்க இன்னொரு பதிவும் கிடைக்கிறது.

அடுத்தது இடம் காட்டுவது. எதிரி போலீஸ் காவலில் சொன்னதில், அதனால் புதிதாகக் கண்டெடுக்கப்பட்ட பொருளைப் பற்றிய பகுதி மட்டுமே சான்றாகும். ஒரே பள்ளத்தை நான்கு எதிரிகளும் ஒருவர் பின் ஒருவராகக் காட்டியதாக நான்கு மகஜர் எழுதுகிறார்கள். முதல் ஆள் காட்டியபோதே உடல் கிடைத்துவிட்டது. மற்ற மூன்றிலும் கண்டுபிடிப்பு என்று எதுவும் இல்லை, இருக்கிற ஒன்றின் மீதும் அவை சந்தேகத்தைக் கிளப்பும். உதகைக் குளிரில் உடல் மெதுவாகத்தான் அழுகும் என்பதையும் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். கிடந்த இடத்தின் குளிர், ஈரம், நிழல் இவற்றைக் குறித்துக் கொடுக்காவிட்டால் சமவெளிக் கணக்கில் இறந்த நாள் தள்ளிப்போகும், அப்ரூவர் சொன்ன தேதியோடு ஒட்டாது. காட்டுப்பன்றி இழுத்துப்போட்ட எலும்புகள் சரிவில் கீழே கீழே கிடக்கும். உடல் கிடந்த புள்ளியில் மட்டும் தேடிவிட்டுத் திரும்பக் கூடாது.

இத்தாலியில் டொமாசோ புஷெட்டா 1984-ல் நீதிபதி ஜொவானி ஃபால்கோனேயிடம் பேசத் தொடங்கியதால்தான் மாஃபியாவின் உள் அமைப்பு வெளியே தெரிந்தது. பலெர்மோவில் 1986 முதல் 1987 வரை நடந்த அந்தப் பெரிய வழக்கில் 475 பேர் மீது குற்றச்சாட்டு, முன்னூறுக்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை. 1992 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. புஷெட்டாவின் பேச்சை மட்டும் நம்பி ஃபால்கோனே அந்த வழக்கைக் கட்டவில்லை. அதற்கு முன்பே வங்கிக் காசோலைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். வழக்கு உறுதியான நான்கே மாதத்தில் அவரைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில், அந்தக் கொலையைப் பற்றி வாய் திறந்த ஒருவரின் 12 வயது மகனைக் கடத்தி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைத்து வைத்து, 1996 ஜனவரியில் கொன்று உடலை அமிலத்தில் கரைத்தார்கள். பேசுகிறவரை மட்டும் காத்தால் போதாது, வீட்டில் இருப்பவர்களையும் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சான்று வேண்டாம். அமெரிக்காவில் கூலிக்கொலைகளைப் பற்றிச் சாட்சி சொன்ன ஏப் ரீல்ஸ், 1941 நவம்பரில் போலீஸ் காவலில் இருந்தபோதே ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். பாஸ்டனின் ஒயிட்டி பல்ஜர் கதை நேர்மாறானது. எஃப்.பி.ஐ.க்குத் துப்புக் கொடுப்பவர் என்ற பெயரில் பாதுகாப்பாக இருந்துகொண்டே கொலைகளில் ஈடுபட்டவர் அவர், 2013-ல் 11 கொலைகளில் அவருக்குப் பங்கு உண்டு என்று தீர்ப்பானது. துப்புக் கொடுப்பவரை ஒரே அதிகாரி மட்டும், மேற்பார்வை இல்லாமல், வருடக்கணக்கில் கையாளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

நம்மிடம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2018 டிசம்பர் 5-ல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுவதும் சட்டம் போலவே செல்லும் என்றது. மாவட்ட நீதிபதி தலைமையில் குழு, அதில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர், மாவட்ட அரசுத் தரப்பு வழக்கு நடத்துநர் பிரிவின் தலைவர் உறுப்பினர் செயலர். விண்ணப்பத்தை உறுப்பினர் செயலரிடம் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ஏ பிரிவு, பாதுகாப்புக்கோ சொத்துக்கோ நற்பெயருக்கோ என்றால் பி, மிரட்டல் தொல்லை என்றால் சி. டி.எஸ்.பி. 5 வேலை நாட்களில் ஆபத்து அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 5 வேலை நாட்களில் குழு முடிவு செய்ய வேண்டும். பாதுகாப்பு ஒரு முறைக்கு 3 மாதம் வரைதான், அது முடியும் முன்பே நீட்டிக்கக் கேட்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்த மூன்றாவது மாதத்தில்தான்.

இந்தத் திட்டத்தில் ரோந்தும் வீட்டுக் காவலும் உண்டு. லைன் வீட்டு வாசலில் தினமும் போலீஸ் ஜீப் நின்றால் அது பாதுகாப்பு ஆகாது, அடையாள அணிவகுப்பு ஆகிவிடும். மலையில் உள்ளவர்கள் விண்ணப்பத்தில் ரோந்து கேட்காமல், வேறு மாவட்டத்தில் தற்காலிகக் குடியிருப்பு, குழந்தைகளுக்கு அங்கே பள்ளிச் சேர்க்கை, சாட்சி சொல்லும் நாளில் தனி வாகனம், ஒத்திவைக்காமல் தொடர்ந்து விசாரணை என்று தெளிவாகக் கேட்க வேண்டும். இவை அத்தனைக்கும் திட்டத்தில் இடம் இருக்கிறது.

தகவல் சொல்ல நினைப்பவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப வேண்டாம். குரலை ஊரே அறியும், பதிவு எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது. கண்காணிப்பாளர் பெயருக்கு வேறு ஊர்த் தபால் பெட்டியிலிருந்து கடிதம் போடலாம். கண்ணால் பார்த்ததைத் தனியாகவும், காதால் கேட்டதைத் தனியாகவும் எழுத வேண்டும். வண்டி எண், நேரம், எந்த வளைவு என்பது போதும். ஊகமாக எவர் பெயரையும் எழுத வேண்டாம், அது நிரபராதி ஒருவரை ஸ்டேஷனில் உட்கார வைக்கும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது: துப்புக் கொடுத்தவரைப் பற்றி "தகவலின் பேரில்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். எஸ்டேட், ஹட்டி (படுகர் ஊர்), தொழில், உறவு எதுவும் வேண்டாம். அப்ரூவரின் படத்தையும் ஊரையும், அவர் செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணையும் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். அவருடைய மனைவி மக்களின் படத்தை அதற்குப் பிறகும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர்,
உதகமண்டலம்.