கயல்விழிக்கு: சோனியா, ஃபூஜியா?

கும்பகோணம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பியிருந்த ஒப்பீட்டுப் பட்டியலை அச்செடுத்து, சோனி ஏ6700, ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்20 ஆகிய இரண்டு கேமராக்களையும் வரி வரியாகப் பார்த்து முடித்தேன். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். வால்பாறையில் உனக்கு எப்போது சிக்னல் கிடைக்கும் என்பதும் தெரியவில்லை. ஆகையால் எழுதியே அனுப்புகிறேன்.

இரண்டும் 2023இல் வெளிவந்தவை. இரண்டிலும் ஏபிஎஸ்-சி அளவுள்ள (பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய) சென்சார், 26 மெகாபிக்சல், பக்கவாட்டில் திறந்து திரும்பும் திரை, ஒரே ஒரு மெமரி கார்டுக்கு இடம். பேட்டரியும் கார்டும் சேர்த்து சோனி 493 கிராம், ஃபூஜி 491 கிராம். இவற்றைப் பார்த்துவிட்டு, "எதை வாங்கினாலும் ஒன்றுதான் போலிருக்கிறது, விலை குறைந்ததை வாங்கிவிடட்டுமா?" என்று அடியில் எழுதியிருக்கிறாய். அச்சிட்ட படத்தை மட்டும் மேசைமேல் வைத்துப் பார்ப்பவனுக்கு அது சரிதான். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படம் உன் கைக்குக் கிடைக்குமா, நழுவிப் போகுமா என்ற இடத்தில் இரண்டும் ஒன்றல்ல.

நான் ஃபூஜி பக்கம் சாய்கிறவன் என்பது உனக்குத் தெரியும். ஸ்டுடியோ நடத்திய காலத்தில் கல்யாணங்களுக்கு அந்த நிறுவனத்து நெகட்டிவ்தான். காலண்டர் வேலை வந்தால் வெல்வியா ஸ்லைடு. வயல் பச்சையையும் பட்டுப்புடவைச் சிவப்பையும் அந்த ஃபிலிம் சற்றுத் தூக்கியே காட்டும், வாடிக்கையாளர்களுக்கும் அதுதான் பிடிக்கும். அந்த வெல்வியா, ப்ரோவியா, ஆக்ரோஸ் எல்லாவற்றின் சாயலையும் இந்தக் கேமராவுக்குள் 19 விதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள்; கணினியில் கைவைக்காமலேயே ஜேபெக் படம் முகத்தின் நிறத்தை அழகாகக் கொண்டுவந்துவிடுகிறது. நீ திருவிழாவும் தெருவும் குடும்பத்துப் படங்களும் எடுக்கப் போகிறவளாக இருந்திருந்தால், இந்தக் கடிதம் இந்தப் பத்தியோடு முடிந்திருக்கும்.

நீ எடுக்கப் போவது இருவாச்சிப் பறவையை. ஆணா பெண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று நான் கேட்டபோது, பெரிய இருவாச்சியில் ஆணின் கருவிழி சிவப்பாகவும் பெண்ணின் கருவிழி வெண்மையாகவும் இருக்கும் என்று நீதான் சொன்னாய். அப்படியானால், அலகும் இறகும் துல்லியமாக விழுந்து கண் மங்கிப் போன படம் பார்க்க அழகாக இருக்கலாமே தவிர, உன் குறிப்பேட்டுக்குப் பாதிதான் பயன்படும். அதனால்தான் இந்த இரண்டு கேமராக்களையும் கண்ணைத் தேடிப் பிடிக்கும் திறமையை வைத்தே எடைபோட வேண்டும் என்கிறேன்.

என்னிடம் தொழில் பழகிய பையன்களில் ஒருவன் இப்போது சோனியிலும் இன்னொருவன் ஃபூஜியிலும் கல்யாண வேலை செய்கிறார்கள். இரண்டையும் இரவல் வாங்கி, நம் கொல்லைப்புற முருங்கை மரத்துக்கு வரும் கொண்டைக்குருவிகளைக் குறிவைத்துப் பார்த்தேன். முருங்கை நல்ல சோதனை மரம். காற்று அடிக்காவிட்டாலும் இலைகள் ஆடிக்கொண்டே இருக்கும், பறவைக்கு முன்னால் எப்போதும் ஏதாவது ஒரு காம்பு குறுக்கே நிற்கும். பறவை வெட்டவெளியாகத் தெரிந்த வரையில் இரண்டு கேமராவும் கண்ணின்மேல் சின்னக் கட்டத்தைப் போட்டுக்கொண்டு ஒழுங்காகவே நடந்துகொண்டன. குருவி இலைக்குப் பின்னால் ஒதுங்கி மறுபடி தலையை நீட்டியபோது வித்தியாசம் தெரிந்தது. ஃபூஜியின் கட்டம் முன்னால் இருந்த காம்புக்குத் தாவி, அங்கேயே சற்றுத் தயங்கி, பிறகு கண்ணுக்குத் திரும்பியது. சோனியின் கட்டம் தலையைச் சுற்றிய பெரிய கட்டமாக மாறிக் காத்திருந்து, கண் தெரிந்தவுடன் மறுபடி கண்ணுக்குள் சுருங்கியது. அந்தத் தயக்கம் கல்யாண மண்டபத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை. சோலைக்காட்டில் ஒரு பறவை கிளை மாறும் நேரமே அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பொருளை அடையாளம் காணும் வேலைக்கென்றே தனியாக ஒரு சிப்பை ஏ7ஆர்5 என்ற பெரிய கேமராவில் 2022இல் கொடுத்த சோனி, மறுவருடமே அதை இந்தச் சிறிய கேமராவுக்கும் கொண்டுவந்துவிட்டது. இன்னொரு சௌகரியமும் உண்டு. ஃபூஜியில் விலங்கு தனி, பறவை தனி. எது வேண்டுமென்று மெனுவில் சொல்ல வேண்டும். சோனியில் விலங்கும் பறவையும் சேர்ந்த ஒரே தேர்வு இருக்கிறது. ஒரே காலையில் இருவாச்சியும் சிங்கவால் குரங்கும் எதிர்ப்படும் ஊரில் இருக்கிற உனக்கு அது சின்ன விஷயமல்ல. இயந்திர ஷட்டரில் சோனி நொடிக்கு 11 படம், ஃபூஜி 8 படம். இரண்டிலும் ஓசையே இல்லாத மின்னணு ஷட்டர் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாய். கூட்டின் அருகே அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மட்டும் அதை வைத்துக்கொள். இந்தச் சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பவை. படித்து முடிப்பதற்குள் சிறகு இடம் மாறிவிடுவதால், பறக்கிற பறவையின் சிறகு கோணலாக வளைந்து விழும்.

அடுத்தது லென்ஸ். உன் பட்டியலில் அதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறாய், நான் அதற்கே பாதிப் பக்கம் கொடுப்பேன். உனக்குப் பொருந்துவது சோனியில் 70-350 மில்லிமீட்டர், ஃபூஜியில் 70-300. இந்தச் சென்சாரில் எல்லாவற்றையும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பதால், பழைய ஃபிலிம் கணக்கில் அவை 525 வரைக்கும் 450 வரைக்கும் போகும். சோனியுடையது 625 கிராம்; ஃபூஜியுடையது 580 கிராமை ஒட்டி வரும். முழு நீளத்துக்கு இழுத்தால் லென்ஸ் திறப்பு சோனியில் எஃப் 6.3, ஃபூஜியில் எஃப் 5.6 (எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), அதாவது வெளிச்சத்தில் மூன்றில் ஒரு ஸ்டாப் ஃபூஜிக்கு ஆதாயம்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. அதோடு ஃபூஜி லென்ஸ் 83 சென்டிமீட்டர் வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும், தவளைக்கும் தும்பிக்கும் மிக நன்றாக இருக்கும், தூரத்தை இன்னும் கிட்டக் கொண்டுவரும் 1.4 மடங்கு கன்வெர்ட்டரும் அதில் ஏறும், சோனி லென்ஸில் ஏறாது. லென்ஸை மட்டும் தனியாக எடுத்து யோசித்தால் நான் ஃபூஜிக்கே ஓட்டுப் போடுவேன். ஆனால் கன்வெர்ட்டர் மாட்டினால் எஃப் 8 ஆகிவிடும். சோலைக்காட்டு நிழலில் எஃப் 8 வைத்துக்கொண்டு, பறக்கும் பறவைக்கு வேண்டிய 1/1000 நொடிக்கு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) எங்கே கொண்டுபோய் நிறுத்துவாய்? எஃப் 6.3இலேயே 6400க்கு மேல் அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

மழைதான் என் தீர்ப்பை உறுதி செய்தது. சோனியில் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்), லென்ஸ் இரண்டுமே தூசியும் ஈரமும் எளிதில் புகாதபடி தடுப்பு வைத்துச் செய்தவை. ஃபூஜி லென்ஸில் அந்தத் தடுப்பு இருக்கிறது, எக்ஸ்-எஸ்20 பாடியில் இல்லை. ஃபூஜியிலேயே நனையத் துணிந்த பாடி வேண்டுமென்றால் எக்ஸ்-டி5க்குப் போக வேண்டும், அதன் விலை உன் கணக்குக்குள் அடங்காது. மழை கொட்டுகிற சின்னக்கல்லாறு பக்கம் வேலை செய்கிறவள் தடுப்பில்லாத பாடியைத் தூக்கிக்கொண்டு அலைவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தடுப்பு என்றால் மழையில் குளிப்பாட்டலாம் என்று அர்த்தமில்லை. சாரலில் குடைக்கு ஓடுகிற வரைக்கும் தாங்கும், அவ்வளவே. (அம்மா இதைப் படித்துவிட்டு, கேமராவுக்கு உறை இருக்கட்டும், அட்டைப்பூச்சிக்குக் காலுறை வாங்கினாளா என்று கேட்கச் சொல்கிறாள்.)

உன் பட்டியலில் ஃபூஜி ஜெயிக்கிற மற்ற வரிகளையும் பார்த்தேன். பேட்டரி அளவீட்டில் ஃபூஜி ஏறத்தாழ 750 படம், சோனி 570. எந்தக் கேமராவானாலும் காட்டுக்குள் இரண்டாவது பேட்டரி இல்லாமல் போகக் கூடாது என்பதால் இது பெரிதல்ல. கை நடுக்கத்தைத் தாங்குவதில் ஃபூஜி 7 ஸ்டாப் என்கிறது, சோனி 5 என்கிறது. அது உன் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. வீடியோ உனக்கு முக்கியமில்லை என்று நீயே எழுதிவிட்டாய். வ்யூஃபைண்டர் இரண்டிலும் 23.6 லட்சம் புள்ளிகள் கொண்டதுதான் என்றாலும் சோனியில் காட்சி சற்றுப் பெரிதாகத் தெரிகிறது. அது இடது மூலையில் இருப்பதால், வலது கண்ணால் பார்க்கிற உனக்கு மூக்கு திரையில் இடிக்காது. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வண்ணத்துக்காக நான் வருத்தப்பட்டதும் உன் வேலையை நினைத்தபோது குறைந்துவிட்டது. இருவாச்சியின் கழுத்திலும் கொண்டையிலும் தெரிகிற மஞ்சள், அது தன் வால் அடியிலிருக்கும் சுரப்பியின் எண்ணெயைப் பூசிப் பூசி ஏற்றிக்கொள்வது என்றாய். அந்த மஞ்சள் இருக்கிற மாதிரியே பதிவாக வேண்டும். வெல்வியாவைப் போல் ஏற்றிக் காட்டும் எந்தச் சாயலும் அங்கே உதவாது. சென்சார் பதிந்ததை மாற்றாமல் வைக்கும் ரா கோப்பாக எடுத்து, வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே விழவைக்கும் அமைப்பை) ஒரே அளவில் பூட்டி வைத்தால் சோனியும் நாணயமாகவே நடந்துகொள்ளும்.

ஆக, சோனி ஏ6700 பாடியும் 70-350 லென்ஸும் வாங்கு. கூடக் கொடுக்கும் 16-50 கிட் லென்ஸ் வேண்டாம். பின்னால் கையில் பணம் சேரும்போது சிக்மா 18-50 எஃப் 2.8 வாங்கிக்கொள்ளலாம், 290 கிராம்தான். பொள்ளாச்சிக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அங்கிருந்து கோவைக்கும் போகப் போகிறாய் என்பதால் கடையில் அவசரப்படாதே. ஜிஎஸ்டி பில்லில் இருக்கிற எண்ணும் பாடியின் அடியில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பார். வாரண்டி இல்லாத இறக்குமதிச் சரக்கை விலை குறைத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. லென்ஸை மாட்டி, எஃப் 16 வைத்து, வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். 350இல் வைத்துத் தெருவில் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையையும் எடுத்து, நான்கு மூலையும் ஒரே மாதிரி துல்லியமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடு.

கேமராவோடு இலவசமாகத் தருகிற பையில் அதைப் பூட்டி வைக்காதே. மழைக்காலத்தில் மூடிய பைக்குள் லென்ஸ் இருந்தால் ஃபங்கஸ் ஏறிவிடும். கண்ணாடிக்கு நடுவே வெள்ளை நூல்போல் ஓட ஆரம்பித்தால் கழற்றித் துடைத்தாலும் பூச்சில் தழும்பு நிற்கும். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் நீலச் சிலிக்கா ஜெல் போட்டு வை. அது இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். டப்பாவுக்குள் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வைத்து, 40க்கும் 50க்கும் இடையில் நிற்கும்படி பார்த்துக்கொள்.

லென்ஸுக்கான பணத்தை உன் கணக்கில் போடச் சொல்லியிருக்கிறேன், பாடியை உன் சம்பளத்திலேயே வாங்கு. முதல் வாரத்துப் படங்களை ஜேபெக்காக மாற்றாமல் ரா கோப்பாகவே அனுப்பு. மஞ்சள் எப்படி விழுந்திருக்கிறது என்று நானும் இங்கே திறந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா