நடுக்கோட்டுக்குக் கீழே

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

ஆறு மாதத்தில் சின்னவள் 6.4 கிலோ, 15ஆவது சதமணை என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு உன் கோல் இல்லை. வேலையாய் இருப்பாய் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

15 என்றால் பரீட்சையில் 15 புள்ளி எடுத்த மாதிரி இல்லை, பிள்ளை. நூறு குழந்தைகளை நிறைப்படி வரிசையில் விட்டால் இவளுக்குக் கீழே பதினைந்து பேர், அவ்வளவுதான். அந்த நூறு பேரும் யார்? உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட, பிள்ளைகளின் வளர்ச்சி வளைகோடு அது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து, குறையில்லாமல் வளர்ந்த பிள்ளைகளை நிறுத்துத்தான் கீறினார்கள். அந்தப் பதினைந்தும் சுகமான பிள்ளைகள்.

செவ்வன் பரம்பலை, அதுதான் நடுவில் கூடி இரு பக்கமும் குறைந்து போகும் மணி வடிவ வளைவை, உனக்கு நான்தானே படிப்பித்தேன். இடைக்கு, அதாவது சராசரிக்கு, இரு பக்கமும் ஒரு நியம விலகலுக்குள் (எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று காட்டும் அளவு) 68 வீதம், இரண்டுக்குள் 95, மூன்றுக்குள் 99.7. நான் கரும்பலகையில் எழுதி முடிக்க முன்னமே விடை சொல்லுகிறவள் நீ. ஆறு மாதப் பெண்பிள்ளைக்கு நடு 7.3 கிலோ, ஒரு விலகல் கீழே 6.5. சின்னவள் அந்தக் கோட்டடியில் நிற்கிறாள். குறைநிறை என்பது இரண்டு விலகலுக்கும் கீழே, 5.7ஐ விட இறங்கினால்தான். (நிறைக்கு வளைகோடு பாரமான பக்கம் கொஞ்சம் இழுபடும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் கீறியிருக்கிறார்கள்.) இடையை விட்டு விலகினால் வருத்தம் என்று நான் எப்போது சொல்லித் தந்தேன்?

நீ பிள்ளையாய் இருந்தபோது நிறை குறித்த கார்டை அம்மா இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறா. மருத்துவமாது நீலப் பேனையால் குத்திய புள்ளிகள் எல்லாம் நடுவுக்குக் கீழேதான். ஆனால் ஒன்றின் பின் ஒன்றாய் ஒரே வளைவில் ஏறுகின்றன. அதைத்தான் பார்க்க வேணும். ஒரு புள்ளியை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. இனி நிறுக்கும்போது தன் கோட்டிலிருந்து சரிந்து கீழ்க்கோட்டைத் தாண்டினால் டொக்டரிடம் காட்டு, பிந்தாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. அவள் தூங்கும்போது நீயும் படு. மாமி பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுச் சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. பெரியவர்கள் சொல்லுவதுதான், மனதில் வைக்காதே. ஆனாலும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வேறு புதினம் எழுத வரவில்லை. கச்சான் காற்று அடிக்கிறது. அம்மா பத்திரகாளி அம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தா. இரவில் தனியே இருந்து அழுகிறாயா என்று கேட்கச் சொன்னா. இல்லை, அவ சொல்லவில்லை, நான்தான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே எத்தனை மணி என்று பார்க்காமல் கோல் எடு. அடுத்த நிறையையும் சொல்லு.

அப்பா