முதலில் சீட்டைச் சரிசெய், கண்ணு

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வண்டி எடுத்து ஏழு மாதம்தான் ஆகிறது, அதற்குள் "எனக்கு டிரைவிங் ஒத்துவராதுப்பா, வீட்டுக்குள் நுழையும்போதே யாரையாவது கடிக்கணும்போல இருக்கு" என்கிறாய். தோள்பட்டை வலி வேறு. போனில் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது, அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ வந்தபோது அந்த வண்டியை வால்பாறைக்கு நான்தானே ஓட்டினேன்? முப்பது வருஷம் டாக்சி ஓட்டியவன். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவும் எனக்கு மனப்பாடம். அப்படியும் ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்கிற காட்சிமுனைப் பக்கம் நிறுத்தி இறங்கியபோது எனக்குக் காரணமே இல்லாமல் எரிச்சல். வரையாடு நிற்கிறது பாருங்கப்பா என்று நீ காட்டினாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது.

அந்த ஸ்டியரிங் ஒரு விரலில் சுற்றுகிறது. பார்க்கிங்கில் சுகம்தான். நம்ம பழைய அம்பாசிடரை நின்ற இடத்தில் திருப்பினால் புஜம் கழன்றுவிடும். (2014-ல் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். சரிதான், அதற்காக நான் அழவில்லை.) ஆனால் மழையில் முன் டயர் பிடி விடுகிறதென்றால், அம்பாசிடரில் உள்ளங்கை லேசாகிப்போகும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரியும். உன் தாத்தாவும் அப்படித்தான், எந்த மாடு சோர்ந்திருக்கிறது என்று கயிற்றைப் பிடித்தபடியே சொல்லிவிடுவார். உன் வண்டியில் கைக்குப் பதிலாக மோட்டார் பாதி வேலையைச் செய்கிறது, ரோட்டின் சேதியும் பாதிதான் கைக்கு வந்து சேருகிறது. மீதியையெல்லாம் கண் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் களைப்புதான் கோபமாக வெளியே வருகிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம் உயரம். 92-ல் முதன்முதலாக மாருதி 800 ஓட்டினேன். தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் அறுபதில் போனாலே தொண்ணூறு மாதிரி இருக்கும். காலும் தானாக அடங்கும். உன் வண்டியில் உயரத்தில் உட்காருவதால் தரை எங்கேயோ தூரத்தில் ஓடுகிறது, எழுபதில் போனாலும் நாற்பது மாதிரி தெரிகிறது. வளைவுக்குள் கொஞ்சம் கூடுதலாகவே நுழைந்துவிடுகிறோம். உயரமான வண்டி வெளிப்பக்கம் சாயும். உடம்பு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். நாற்பது வளைவுக்கும் முறுக்கினால் இடுப்பு என்னாவது?

அம்மா பதிமூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தாளே, அதில் என் பங்கும் உண்டு. வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிட வேண்டும், நான் உள்ளே போய்ப் பிடித்தேன். அவளும் பின்சீட்டில் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அசையாத போனைப் பார்க்க, காதுக்குள் இருக்கிற அந்தச் சமநிலை உறுப்பு திரும்புகிறோம் திரும்புகிறோம் என்று சொன்னால் வயிறு புரளத்தான் செய்யும். ஓட்டுகிறவனுக்குக் குமட்டாது, எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று அவனுக்கு முன்பே தெரியும்.

இப்போது உன் தோள்பட்டைக்கு வருகிறேன். நீ விட்டிருந்த இடத்திலிருந்து சீட்டை நகர்த்தும்போதே பார்த்தேன். சாய்மானத்தை ஈசி சேர் மாதிரி பின்னால் தள்ளிவிட்டு, கையை நீட்டி ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து ஓட்டியிருக்கிறாய். சென்னை ஓ.எம்.ஆர். ரோட்டு நெரிசலில் தினமும் ஒன்றரை மணி நேரம் கையை அந்தரத்தில் தூக்கி வைத்திருந்தால் எந்தத் தோள் தாங்கும்?

நாளைக்குக் காலையில் இதைச் செய். கிளட்சை முழுசாக மிதி, அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கவேண்டும், சீட்டை அதுவரை முன்னால் இழு. பிறகு சாய்மானத்தை நிமிர்த்து. முதுகும் தோளும் சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் போய் உட்காரவேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் போதாது. முதல் இரண்டு நாள் நெருக்கமாக, அசிங்கமாகக்கூட இருக்கும். மாற்றாதே.

இன்னொன்று, ஏசியில் உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை எப்போதும் போட்டே வைத்திருக்கிறாய். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் நாம் விட்ட மூச்சையே நாம் இழுத்தால் தலை கனக்கும், தூக்கம் வரும். நடுவில் அந்தப் பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடு.

வண்டியை விற்கிற பேச்சை அதுவரை எடுக்காதே. ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் போன் பண்ணு. அடுத்த தடவை முன்சீட் கொடுத்தால் வால்பாறைக்கு மறுபடி வருவேன் என்கிறாள் அம்மா. நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து வரையாடு பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா