கூடப் பிறந்தவர்களின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

வணக்கம்.

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்தில் டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு எங்களுடையது. இதுவரை ஊசிக்கும் ஸ்ட்ரிப்புக்கும்தான் உங்களிடம் கை நீட்டியிருக்கிறோம். இந்த முறை கேட்பது, ஊசி போடும் பிள்ளைகளுக்கும் அவர்களின் கூடப் பிறந்தவர்களுக்கும் ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் பரிசோதனைக்கு. "சர்க்கரைன்னு தெரிஞ்சுபோச்சு, இன்னும் என்ன டெஸ்ட்?" என்று குழுவுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை, உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே பகையென்று நினைத்து அழிப்பதுதான் டைப் 1. அந்தச் சண்டையின் தடயமாக ரத்தத்தில் ஆன்டிபாடிகள் தென்படும். ஜிஏடி, ஐஏ-2, இசட்என்டி8, இன்சுலின் ஆன்டிபாடி என இன்று நான்கை முக்கியமாகப் பார்க்கிறார்கள். பிள்ளை மெலிந்து, தண்ணீர் தண்ணீர் என்று குடிக்கத் தொடங்குவதற்குப் பல மாதங்கள், ஏன் பல வருடங்கள் முன்பே இவை வந்துவிடும். எங்களுக்குப் பெரிய விஷயம் இதுதான்.

என் மகனுக்கு நோய் வந்தபோது யாருக்கும் பிடிபடவில்லை. வாந்தி, வயிற்று வலி என்று ஒரு கிளினிக்குக்குப் போனோம், அஜீரணம் என்று மருந்து கொடுத்தார்கள். மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. இன்சுலின் இல்லாததால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள். குழுவில் பாதிக் குடும்பங்களுக்கு மேல் இதே கதைதான். கூடப் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரலாம், அவன் தங்கைக்கும் அப்படி ஒரு இரவு வரக்கூடாது.

பின்லாந்து, ஜெர்மனி, அமெரிக்காவின் கொலராடோ ஆகிய இடங்களில் பிறந்ததிலிருந்தே கவனித்துவந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2013-இல் வெளியானது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபாடிகள் தென்பட்ட குழந்தைகளில் 100-க்கு 70 பேருக்குப் பத்து வருடத்துக்குள் சர்க்கரை வந்தது. ஒன்று மட்டும் இருந்தவர்களில் 100-க்கு 15 பேர் அளவுக்குத்தான். அதனால் ஒரே ஒரு ஆன்டிபாடி என்றால் பதற வேண்டாம், மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இரண்டு என்றால் அந்த வீட்டுக்கு அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்து, சர்க்கரை அளவை அவ்வப்போது பார்த்துவருவோம். ஊசி தேவைப்படும் நாள் வந்தாலும் ஐசியு வழியாக வராது. நோயைச் சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் மருந்துக்கு அமெரிக்கா 2022 நவம்பரில் அனுமதி கொடுத்தது. அதன் விலை நம்மால் ஆகாது, இந்த நிதி அதற்கானதும் அல்ல.

ஏற்கெனவே ஊசி போடும் பிள்ளைகளுக்கும் இது உதவும். சந்தேகம் உள்ளவர்களுக்கு, முக்கியமாகப் பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்தவர்களுக்கு, ஆன்டிபாடி இல்லையென்றால் காரணம் மரபணுவாக இருக்கலாம். அதில் சில வகைகளுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரையே போதும். ஆனால் 'நெகட்டிவ்' என்ற தாளைப் பார்த்துவிட்டு யாரும் தாங்களாக இன்சுலினை நிறுத்தக்கூடாது, அது டாக்டர் முடிவு. ஊசி தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் ஆனவர்களுக்கு இன்சுலின் ஆன்டிபாடி பார்த்துப் பயனில்லை. போடும் இன்சுலினுக்கு எதிராகவே உடம்பு அதை உண்டாக்கிவிடும். அதற்கு உங்கள் பணத்தைச் செலவழிக்க மாட்டோம். அந்தத் தொகையில் தைராய்டையும், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயையும் பார்ப்போம், டைப் 1 பிள்ளைகளுக்கு அவை இரண்டும் சேர்ந்து வருவது உண்டு.

அப்புறம் இன்னொன்று. "மாசமா இருந்தப்ப நீ இனிப்பு தின்னதாலதான்" என்று பேச்சு வாங்காத அம்மா எங்கள் குழுவில் குறைவு. ஒருவர் மகளின் ஜிஏடி ரிப்போர்ட்டை எடுத்துவைத்து, லட்டு தின்று இது வராது என்று விளக்கி மாமியார் வாயை அடைத்தார். பரிசோதனைக்கு இப்படியும் ஒரு பயன்!

சரி, கணக்கு. ஊசி போடும் பிள்ளைகள் 20 பேர், கூடப் பிறந்தவர்கள் 30 பேர். ஆய்வகத்தில் பேசி, ஒரு பிள்ளைக்கு 4,000 ரூபாய் என்று முடித்திருக்கிறோம். மொத்தம் 2 லட்சம். பெற்றோர்களே 45,000 போட்டுவிட்டோம், மீதி 1,55,000 வேண்டும். முழுதாக ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டாலும் சரி, 100 ரூபாய் கொடுத்தாலும் சரி. ஆய்வகத்துக்கு நேராகக் காசோலையாகத்தான் போகும். பிள்ளைகளின் பெயரும் முடிவும் யாருக்கும் போகாது, கொடுத்தவர்களுக்கும்கூட. பொருளாளரிடம் பணம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த ஞாயிறு காலை ரத்தம் எடுக்கிறோம், அதற்கு முன் தொகை சேர்ந்தால் 50 பேருக்கும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.