செல்வத்துக்கு, உன் பீர் விஷயமாக

அன்புள்ள செல்வம்,

முரளி நேற்று ராத்திரி வந்து, நீ வீட்டில் செய்து கொடுத்தனுப்பிய இரண்டு பீர் பாட்டில்களையும் கொடுத்துவிட்டுப் போனான். இங்கே எல்லாரும் நலம். லதாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. சின்னவன் தேசிய சேவை முடித்து வீட்டுக்கு வந்துவிட்டான், அரிசிதான் சீக்கிரம் காலியாகிறது. நாம் பேசி மாதக்கணக்கில் ஆகிவிட்டது. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

உன் பீருக்கு வருகிறேன். கிளாஸில் ஊற்றியதும் சந்தோஷமாக இருந்தது. நல்ல செம்பு நிறம், நுரையும் உடனே அடங்காமல் நின்றது. மூக்கருகே கொண்டு போனேன், நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாடை. ஒரு வாய் குடித்தால் தொண்டையில் ஒரு காந்தல். ஐந்து சதவீத பீரில் அந்தக் காந்தல் வரவே கூடாது. முரளி 'பிரமாதம்' என்று உன்னிடம் சொல்லியிருப்பான், அவன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வான். நான் உள்ளதைச் சொல்கிறேன்.

உன் மால்ட்டில், அதாவது முளைகட்டிய தானியத்தில், குறை இல்லை, கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவிலும் இல்லை. சூடுதான் கெடுத்திருக்கிறது. பீர் புளிக்கிற வாளியைச் சமையலறையில், வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறாயாமே? நம் சிங்கப்பூரில் மத்தியானம் அங்கே 31 டிகிரி இருக்கும். பீரைப் புளிக்கவைக்கிற நுண்ணுயிர்தான் ஈஸ்ட். நீ போட்ட ஏல் என்ற வகை ஈஸ்ட்டுக்குப் பிடித்தது 18 முதல் 22 வரை. அதோடு, புளிக்கும்போது ஈஸ்ட் தானும் சூட்டைக் கிளப்பும். வாளிக்குள் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும். அந்தச் சூட்டில் அது தறிகெட்டு வேலை செய்து, சாதாரண ஆல்கஹாலோடு ஃபியூசல் என்கிற கன ஆல்கஹால்களையும் எத்தில் அசிட்டேட்டையும் உண்டாக்குகிறது. அந்த வாடைக்கும் காந்தலுக்கும் காரணம் அதுதான். தோசை மாவை இந்த ஊரில் வெளியே வைத்தால் விடிவதற்குள் பொங்கி வழிகிறது, அது மாவுக்கு நல்லது. பீருக்கு அந்த அவசரம் ஆகாது.

முதல் மூன்று நாள்தான் முக்கியம், செல்வம். ஈஸ்ட் பெருகுகிற அந்த நேரத்தில்தான் கெட்ட வாடையில் பெரும்பகுதி உண்டாகிறது. அதைக் குளிர்ச்சியாகக் கடத்திவிட்டால், அப்புறம் கொஞ்சம் சூடு ஏறினாலும் மோசமில்லை. காய்ச்சிய மால்ட் சாற்றை நன்றாக ஆறவைத்து, 20 டிகிரிக்கு இறங்கிய பிறகு ஈஸ்ட்டைப் போடு. வாளியை உன் வீட்டுப் பாம் ஷெல்டருக்குள், அந்தத் தடித்த சுவர் அறைக்குள், கொண்டு போ. வெயில் படாது, வெயில் பட்டால் ஹாப்ஸ் வேறு நாற ஆரம்பிக்கும். பேரனைக் குளிப்பாட்டுகிற பெரிய தொட்டியில் வாளியை இறக்கி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்று. ஒன்றரை லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று தொட்டியில் மாற்றிப் போடு. ஈரத்துணி சுற்றி விசிறி வைக்கச் சொல்வார்கள். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே அவ்வளவு ஈரம், துணி எங்கே காயப்போகிறது? ஐஸ் பாட்டிலை நம்பு. தெர்மாமீட்டரை வாளியின் மேலேயே ஒட்டு, சுவரில் மாட்டாதே. ராமன் சார் வகுப்பில் பரிசோதனைக் குறிப்பில் வெப்பநிலையை மட்டும் எழுதாமல் விடுவாயே, அந்தப் பழக்கம் இங்கே உதவாது.

இதெல்லாம் பெரிய பாடு என்றால் இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. நார்வே நாட்டு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருந்த குவைக் என்ற ஈஸ்ட். அதில் வோஸ் என்ற வகை, 35 டிகிரிக்கு மேல்கூட முகம் சுளிக்காமல் வேலை செய்யும். மூன்று நான்கு நாளில் முடித்துவிடும், லேசாக ஆரஞ்சு வாசம் வரும். அவ்வளவு குளிரான தேசத்து ஈஸ்ட் நம் சிங்கப்பூர்ச் சூட்டுக்கு இப்படிப் பொருந்துவதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. அடுத்த முறை அதையே போட்டுப் பார்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடுகிற குளோரமின் இருக்கிறது. குளோரின் கொதிக்கவைத்தால் போய்விடும், இது லேசில் போகாது, பீரில் மருந்து வாடை அடிக்கும். அதை நீக்குகிற கேம்டன் மாத்திரையில் கால் பாகத்தைப் பொடித்து 20 லிட்டரில் கலக்கிவிடு, போதும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. இரண்டாவது பாட்டிலின் மூடியைத் திருகியதுமே பாதி பீர் சீறிக்கொண்டு சிங்க்கில் போய்விட்டது. அதைப் பார்த்துப் பயந்துதான் ராத்திரியே உன் வீட்டில் லீலாவுக்குப் போன் போட்டு, மிச்சத்தை எல்லாம் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன். புளித்து முடிவதற்குள் பாட்டிலில் அடைத்துவிட்டாய். அதுவும் சோயா சாஸ் வந்த கண்ணாடி பாட்டிலில்! அந்தக் கண்ணாடி அழுத்தத்துக்குச் செய்ததல்ல. உள்ளே வாயு ஏறிக்கொண்டே போனால் ஒருநாள் வெடிக்கும், சில்லு அறை முழுக்கத் தெறிக்கும். பேரன் தவழ்கிற வீடு அது. நன்றாகக் குளிர்ந்த பிறகு, தடித்த துண்டால் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மெதுவாகத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிடு. மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டு.

இனிமேல் வாளி மூடியில் வாயு வெளியேறுகிற ஏர்லாக்கில் குமிழி நின்றதை வைத்து முடிவு செய்யாதே. பீரின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டரைப் பார், சர்க்கரை குறையக் குறைய அதன் எண் இறங்கும். 1.048-ல் ஆரம்பித்தது 1.010 பக்கம் இறங்கி, இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் அடைக்கலாம். பாட்டிலில் வாயு ஏற லிட்டருக்கு ஆறு, ஏழு கிராம் சர்க்கரை, தராசில் நிறுத்துப் போடு. கரண்டிக் கணக்கு வேண்டாம். சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் நமக்கு நல்லது. அமுக்கிப் பார்த்தாலே வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், மருமகனின் நண்பர்களுக்குப் பாட்டில் இத்தனை வெள்ளி என்று விற்கலாமா என்று முரளியிடம் கேட்டாயாம். வேண்டவே வேண்டாம். 18 வயது ஆனவர்கள் வீட்டில், சொந்த உபயோகத்துக்கு, மாதம் 30 லிட்டருக்கு மிகாமல் புளிக்கவைக்கத்தான் சுங்கத்துறை அனுமதிக்கிறது. விற்கவும் கூடாது, காய்ச்சி வடித்துச் சாராயம் இறக்கவும் கூடாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பொழுது போகவில்லை என்று நீ வாயால் சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. அதனால்தான் நீ இதை விட்டுவிடக் கூடாது என்று இவ்வளவு எழுதுகிறேன். உனக்குக் கை இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஈசூனில் உன் வீட்டுக்கு வருகிறேன். ஹைட்ரோமீட்டர், குவைக் பாக்கெட், மாத்திரை எல்லாம் என் பையில் இருக்கும். நீ வாளியை நன்றாகக் கழுவி, தண்ணீர் பாட்டில்களைச் சனிக்கிழமையே உறையவைத்துவிடு. லீலாவிடம் மீன் குழம்பு மட்டும் கேட்டு வை.

உன்,
கணேசன்